துணி போர்த்திய சட்டப் படகு: பாக் விரிகுடாக் கரையில் ஒரு மாதிரிக் கட்டுமானம்

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டக் கரைக்கு இரண்டு கடல்கள் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. ஆழமும் அலையும் மிகுந்த அதை ஆண்கடல் என்பார்கள். வடக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா, பெண்கடல். ஐப்பசியில் வாடை இறங்கினால் பெண்கடல் கலங்கும். வைகாசியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எடுத்தால் ஆண்கடல் பொங்கும். இந்தக் கரையில் யாராவது சிறு படகு கட்டப்போகிறேன் என்றால், எந்தக் கடலுக்கு, எந்தக் காற்றுக்கு என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே பதிவாகும் முயற்சி தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் நடந்தது. கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத கரை அது. அடியில் கடற்புல், சேறு, இடையிடையே சிப்பி ஓடுகள். ஐம்பதைக் கடந்த ஒரு நண்டு வலைக்காரர் அங்கே பல ஆண்டுகளாகத் தெர்மாகோல் தெப்பத்தில் தொழில் செய்துவந்தார். பலகை பலகையாகத் தெர்மாகோலை அடுக்கி, சாக்கும் பழைய வலையும் சுற்றிக் கட்டிய தெப்பம். விலை குறைவு, ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் உடம்பு முழுதும் நனையும். காற்று மாறினால் திரும்புவது பெரும்பாடு. தெப்பம் உதிர உதிர வெள்ளைத் துகள்கள் கடலில் கலக்கும். பைபர் படகு வாங்கினால் எஞ்சின் வேண்டும், எரிபொருள் வேண்டும், கரையேற்ற நான்கைந்து பேர் வேண்டும். தனியாளாக நண்டு வலை போடுபவருக்கு அந்தக் கணக்கு கட்டிவராது.

அவருடைய அக்காள் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, வண்ணம் பூசி நீர் புகாமல் ஆக்கும் படகுகளைப் பற்றி அவர்தான் முதலில் பேச்செடுத்தார். மூன்றாமவர் ஓர் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். இளமையில் வத்தை என்னும் பலகைப் படகு கட்டியவர், இப்போது பைபர் படகுகளைப் பழுது பார்க்கிறார். வடிவத்தின் மிதப்பையும் நிலைப்பையும் கணக்கிட்டுத் தருவதும், நடந்ததைக் குறித்து வைப்பதும் என் பொறுப்பு.

இந்த வகைப் படகு ஏன்

சட்டத்தின் மேல் போர்வை என்பது உலகின் மிகப் பழைய படகு வகைகளில் ஒன்று. ஆர்க்டிக் மக்களின் கயாக்கும் உமியாக்கும் கடல்விலங்குத் தோல் போர்த்தியவை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கரக் எனப்படும் படகுக்கு ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பிறகு தார் பூசிய கித்தான் வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. ஒகேனக்கல் பரிசல் இதே இனம்தான்: மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோல், இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு.

சட்டத்தை ஆணியில்லாமல் நூலால் கட்டுவார்கள் என்று சொன்னபோது ஓடாவியார் திகைக்கவில்லை. சோழமண்டலக் கரையில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையடிக்கும் கரையில் ஏறி இறங்கியவை. தைத்த படகு வளைந்துகொடுக்கும், ஆணி அடித்த படகு பிளக்கும் என்பது அவருக்குத் தெரிந்த பாடம். அவருடைய சந்தேகம் வேறொன்று. தண்டு என்னும் நீண்ட துடுப்பை வலிக்க மட்டும் என்றால் இந்தப் படகு போதும், பாய் ஏற்றினால் சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டார். பின்னால் நடந்தவை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தன.

கட்டுவது மாதிரிப் படகு என்பதால், அது எதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டும் என்று முன்னதாகவே முடிவு செய்தோம். இரண்டு பேர் தூக்கிக் கரையேற்ற முடிகிறதா? சிப்பியும் மணலும் உள்ள கரையில் துணி தாங்குகிறதா? தண்டுக்காகக் கட்டிய சட்டம் பாயின் இழுப்பையும் தாங்குமா? இவை தெரியும்வரை வலை ஏற்றுவதில்லை, தொழிலுக்குப் போவதில்லை. ஒத்திகைக்குப் போகும் நாள்களில் மரைன் போலீசுக்குத் தகவல் சொல்லிவிடுவது என்றும் முடிவானது.

வடிவமும் பொருள்களும்

நீளம் 4.9 மீட்டர், மேல்விளிம்பில் அகலம் 1.25 மீட்டர், நடுவில் உயரம் 45 செ.மீ. 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வெட்டிய ஏழு வங்குகள் (படகின் குறுக்கே நிற்கும் விலாச்சட்டங்கள்), ஏறக்குறைய 60 செ.மீ. இடைவெளியில். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 உள்ள பலகை மட்டுமே எடுத்தோம். படகின் அடியில் முதுகெலும்பு போல் நீளவாக்கில் ஓர் ஏரா, பக்கத்துக்கு மூன்று நீளச்சட்டங்கள், மேலே விளிம்புச்சட்டம். இவை பைன் மரம். நீளம் போதாத இடத்தில் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி எபாக்சிப் பசையில் ஒட்டினோம். சட்டமும் துணியுமாகக் கணக்கில் வந்த எடை சுமார் 40 கிலோ. பாய், பாய்மரம், பக்கப்பலகை சேர்த்தால் 50-க்குச் சற்று மேல். ஓர் ஆளும் ஓரளவு வலையும் ஏறினாலும் அரைச் சாண் நீரில் மிதக்க வேண்டும் என்பது இலக்கு. அந்தக் கரைக்கு அதுதான் முதல் தகுதி.

வங்குகளின் விளிம்பை நீளச்சட்டங்களுக்கு இடையில் உள்வாங்கி வளைத்து வெட்டினோம். துணி நீளச்சட்டங்களை மட்டுமே தொட வேண்டும். வங்கில் பட்டால் அங்கே மேடு தட்டி, அந்த மேடுதான் முதலில் தேயும்.

துணி விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. பருத்திக் கித்தான் இந்த ஈரத்தில் மக்கிவிடும். லாரித் தார்ப்பாய் எளிதில் கிடைக்கும், ஒட்டுப்போடவும் எளிது, ஆனால் கனம். வளைவுகளில் சுருக்கமில்லாமல் படியாது. மிச்சம் நைலானும் பாலியஸ்டரும். நைலான் உரம் மிக்கது, எளிதில் கிழியாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும்; நனைந்தால் தளர்ந்து, காய்ந்தால் இறுகும். பாலியஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வெயிலையும் நைலானைவிடக் கூடுதலாகத் தாங்கும், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருங்கி மேளத்தோல் போல் விறைக்கும். காலையில் நனைந்து மதியம் கொளுத்தும் வெயிலில் கிடக்கப்போகும் படகுக்குப் பாலியஸ்டர் என்று முடிவு செய்தோம்.

பாய் ஓடும்போது படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் ஒரு பலகை வேண்டும். நடுவில் தாழ்த்தி உயர்த்தும் பலகை வைக்க வேண்டுமானால் அடித்துணியைக் கிழித்துக் கூடு கட்ட வேண்டும். அந்த யோசனையை உடனே கைவிட்டோம். பக்கவாட்டில் தொங்கும் பக்கப்பலகை போதும். தரை தட்டினால் தானே மேலேறிவிடும், துணியில் துளையும் வேண்டாம்.

பாயைப் பற்றி மாமாவுக்கும் மருமகனுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. பருமல் என்னும் நீண்ட குறுக்குக் கம்பில் கட்டிய முக்கோணப் பாய்தான் மாமாவுக்குக் கைவந்தது. ஆனால் காற்றுக்கு எதிர்முகமாகத் திசை மாற்றும்போதெல்லாம் அந்தப் பருமலை மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும்; இந்த அளவுப் படகில் தனியாள் எழுந்து நின்று அதைச் செய்வது ஆபத்து. கடைசியில் சாய்ந்த குட்டைப் பருமலில் தொங்கும் நாற்கோணப் பாய், பரப்பு 4.2 சதுர மீட்டர், தார்ப்பாயில் தைத்தது. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றை விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் கீழே வந்துவிடும் என்பதை மாமா செய்து பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். பாய்மரத்துக்குச் சவுக்குக் கம்பு.

கட்டுமானம்

வாடைக் காலத்தில், கடலுக்குப் போக முடியாத நாள்களில், பனையோலைக் கொட்டகைக்குள் வேலை நடந்தது. வங்குகளை ஒரு நீண்ட சட்டத்தில் நிறுத்தி, ஏராவையும் நீளச்சட்டங்களையும் கட்டிமுடிக்கும்வரை சிக்கல் இல்லை. கட்டு நூலாக நண்டு வலைக்கு வைத்திருந்த நைலான் நூலையே பயன்படுத்தினார்கள். வீட்டில் சுருள் சுருளாக இருந்த நூல் அது, எல்லோருக்கும் முடிச்சுப் பழக்கமும் உண்டு.

சட்டத்துக்கு மீன்நெய் பூசவேண்டும் என்றார் ஓடாவியார். மரப்படகுக்கு அது சரி. இங்கே எண்ணெய் துணியில் ஊறினால் அந்த இடத்தில் மேல்பூச்சு பிடிக்காது. அதனால் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட்ட பிறகே துணி போர்த்தினோம்.

மேல்பூச்சு இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன். அதன் ஒரு பகுதி ஈரத்தோடு வினைபுரிந்து வாயுவை வெளியிடும். மழை விட்டு இரண்டாம் நாளே முதல் பூச்சைப் பூசியதில், அணியத்துப் பக்கம் (படகின் முன்பகுதி) முழுதும் பொடிப் பொடியாகக் குமிழ் எழுந்தது. குமிழ் உடைந்த இடமெல்லாம் ஊசித்துளை. தேய்த்து எடுத்துவிட்டு, தை பிறந்து காற்றின் ஈரம் குறையும்வரை காத்திருந்தோம். திறந்த வெளியில் முகமூடியுடன் பூச வேண்டிய பொருள் அது, கொட்டகைக்குள் பூசக்கூடாது.

துணியை விளிம்புச்சட்டத்தில் பிடிக்க அடித்த கம்பிப் பின்கள் துருப்பிடிக்காதவை என்று சொல்லி விற்கப்பட்டவை. சில வாரங்களிலேயே ஒவ்வொன்றின் கீழும் பழுப்புக் கோடு இறங்கியது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, துணியின் ஓரத்தை மடித்து விளிம்புச்சட்டத்தோடு நூலால் தைத்தார் ஓடாவியார். பார்ப்பதற்கும் அது அழகாக இருந்தது.

தண்டு வலித்துப் பார்த்தது

மாசியில் பெண்கடல் அடங்கியதும் படகை நீரில் இறக்கினோம். மாமாவும் மருமகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முழங்கால் நீர்வரை நடந்தார்கள். முதல் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

தண்டுகள் 2.4 மீட்டர். விளிம்பில் முளையடித்துக் கயிற்று வளையத்தில் மாட்டினோம். ஆள் உள்ளே காலை உதைத்துக்கொள்ள ஒரு குறுக்குக்கட்டை முதல் நாளில் இல்லை. அது இல்லாமல் வலித்தால் முதுகும் தோளும் மட்டும்தான் வேலை செய்கின்றன. மூன்று இடங்களில் மாற்றி மாட்டும்படி கட்டை வைத்ததும் படகின் நடையே மாறியது. அமைதியான நீரில் சீராக வலித்தால் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் போகிறது என்று கைப்பேசி காட்டியது. ஒரே மூச்சில் நெடுநேரம் வலிக்க முடிகிற வேகம் அது. தெப்பத்தோடு ஒப்பிட்டால் மாமாவின் உடம்பு உலர்ந்து திரும்பியது என்பதே பெரிய மாற்றம்.

இரண்டு குறைகள் தெரிந்தன. எதிர்க்காற்றில், ஒரு தண்டு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் படகு சட்டென்று நின்றுவிடுகிறது. கனமான வத்தை தன் எடையாலேயே ஓடிக்கொண்டிருக்கும், இது ஓடாது. அடுத்து, உள்ளே ஏறும்போது கால் துணியில் படுகிறது. துணி கிழியவில்லை என்றாலும், நீளச்சட்டங்களின் மேல் மெல்லிய மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பித் தளம் போட்டோம்.

கவிழ்த்துப் பார்த்தது

பாய் ஏற்றுவதற்கு முன் மார்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்தோம். இதைச் செய்யாமல் எந்தச் சிறு படகிலும் பாய் ஏற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மரச்சட்டம் மிதக்கும், ஆகவே படகு மூழ்காது. ஆனால் நிமிர்த்திய படகின் விளிம்பு நீர்மட்டத்திலேயே நின்றது. ஒரு வாளி இறைத்தால் இரண்டு வாளி உள்ளே வந்தது. ஆழக் கடலில் அப்படி நடந்தால் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம், அவ்வளவுதான்.

மூடி இறுக்கிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டி மீண்டும் கவிழ்த்தோம். அடியில் கட்டியபோது நீர் நிறைந்த படகு உருண்டுகொண்டே இருந்தது. முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று, நடுவில் இரு பக்கமும் விளிம்புக்குக் கீழே ஒவ்வொன்று என்று மாற்றியதும் விளிம்பு நீருக்கு மேலே எழுந்தது, உருளலும் நின்றது. மாமா உள்ளே ஏறி உட்கார்ந்து தனியாகவே இறைத்து முடித்தார். கேன்களின் கட்டு உறுதியாக இருக்க வேண்டும். கவிழும்போது ஒவ்வொன்றும் 20 கிலோ விசையோடு மேலே இழுக்கும்.

பாய் ஏற்றிய பின்

சித்திரை மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நின்றன. அவற்றின் போக்குவரத்து இல்லாத கடல் ஒத்திகைக்கு வசதி. துணைக்கு ஒரு பைபர் படகு எப்போதும் கூட வந்தது.

பின்காற்றிலும் பக்கக்காற்றிலும் படகு நன்றாக ஓடியது. காற்றுக்கு எதிராக ஏற முயன்றபோது அணியம் தானாகக் காற்றுக்குக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. பாயின் இழுப்பு மையத்துக்குப் பின்னால் பக்கப்பலகை இருந்ததே காரணம். அதை ஒரு சாண் முன்னால் நகர்த்தியதும் சரியானது. சுக்கான் இன்னொரு தொல்லை. மிதந்துவரும் கடற்புல் அதில் சுருண்டு சுருண்டு சிக்கியது. மாமா அதைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் பின்னால் ஒரு துடுப்பைக் கட்டித் திருப்பினார். அந்த ஆழத்துக்கு அதுவே பொருத்தம் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

வைகாசியில் கச்சான் எடுத்தது. அந்தக் கரை கிழக்கு நோக்கியது. கச்சான் அங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் அலையே இருக்காது. அந்த அமைதியை நம்பக்கூடாது. லேசான படகை அது வெளியே தள்ளிக்கொண்டே போகும், போகப் போக அலை வளரும், திரும்புவதற்கு எதிர்க்காற்று. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்த எல்லைக்கோடு விரிகுடாவுக்குள்ளேயே ஓடுகிறது என்பதையும் அந்த ஊரில் யாரும் மறப்பதில்லை. ஆகவே கச்சான் நாள்களில் தண்டு வலித்துத் திரும்ப முடிகிற தூரத்துக்குள் மட்டும் ஓட்டுவது என்று வரம்பு வைத்தோம்.

அப்படி ஒரு நாளில், மாமாவும் மருமகனும் படகில் இருந்தபோது, தரைப் பக்கமிருந்து ஒரு வீச்சுக் காற்று வந்தது. இருவரும் மேல்விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்கள். படகு கவிழவில்லை. ஆனால் கீழே ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டு, மரம் சாய்ந்தது. “மாப்பிள்ளை, ஆஞ்சானை விடுங்கள்” என்று மாமா குரல் கொடுத்தார். பாய் இறங்கியது. இருவரும் தண்டு வலித்துப் பார்த்தார்கள்; அந்தக் காற்றில் கரைக்கு முன்னேற முடியவில்லை. பைபர் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது.

கரையில் கண்டது

படகை மணலில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, மரத்தின் மேல்பகுதியில் கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னார் ஓடாவியார். இழுத்தபோது துணியில் சுருக்கங்கள் தோன்றின: மரத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்க விளிம்பை நோக்கிக் குறுக்காக ஓடும் கோடுகள். கயிற்றை விட்டதும் மறைந்தன. சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்பதைத் துணியே வரைந்து காட்டியது. இந்தப் படகு வகையில் இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது, செலவே இல்லை.

பலகைப் படகில் பலகைகள் ஒன்றோடொன்று பிணைந்து, வங்குகள் ஒன்றுக்கொன்று நழுவாமல் பிடித்துவைக்கின்றன. துணி அந்த வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை. தண்ணீரை வெளியே நிறுத்துவதோடு அதன் கடமை ஏறக்குறைய முடிந்தது. தண்டின் விசை சிறியது. முளைக்கும் கால்கட்டைக்கும் இடையில் அடங்கிவிடும். பாய் அப்படியல்ல. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் இந்தப் பாயின் பக்க இழுப்பு சுமார் 20 கிலோ. அது மரத்தைப் பிடிக்கும் குறுக்குப்பலகைக்கு 1.6 மீட்டர் மேலே வேலை செய்கிறது. மரத்தின் அடி அந்தப் பலகைக்கு 40 செ.மீ. கீழே. நெம்புகோல் கணக்கில் அடியில் 80 கிலோ பக்க உதை விழுகிறது. அந்த உதை முழுவதையும் தாங்க இருந்தது, இரண்டு வங்குகளுக்கு நடுவே ஏராவின் மேல் திருகிய ஒரு சிறு கட்டை. ஏரா உருண்டது, கட்டை பிளந்தது.

ஏரா உருள இடம்கொடுத்தவை கட்டுகள். நைலான் நூல் நனைந்து நனைந்து தளர்ந்திருந்தது. விரலால் நகர்த்த முடிந்தது. ஈரத்தில் தளரும் என்பதற்காகவே துணியில் நைலானை ஒதுக்கினோம். அதே இழை கட்டுநூலாகச் சட்டத்துக்குள் இருந்தது. படகின் எல்லா இணைப்பும் நூலில் நிற்கும்போது, நூலின் தேர்வு துணியின் தேர்வைவிட முக்கியம்.

பக்கப்பலகை தொங்கிய இடத்திலும் இதே கதையின் தொடக்கம் தெரிந்தது. அது விளிம்புச்சட்டத்தில் மட்டும் பிடிக்கப்பட்டிருந்ததால் சட்டம் உள்ளே முறுகி, பலகையின் ஓரம் துணியில் உரசியிருந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் அங்கே கிழிந்திருக்கும்.

செய்த மாற்றங்கள்

மரத்தின் அடிக்கட்டையை நீட்டி, இரண்டு வங்குகளின் மேல் முழு அகலத்துக்கும் உட்காரும் பலகையாக மாற்றினோம். இனி உதை வங்குகளுக்குப் போகும், ஏராவுக்கு அல்ல. குறுக்குப்பலகை விளிம்போடு சேரும் மூலைகளில் ஓடாவியார் பூவரசங்கிளைகளை வைத்தார். இயற்கையாகவே முழங்கையாய் வளைந்த கிளைகள் அவை. வத்தை கட்டிய காலத்திலிருந்து அப்படிப்பட்டவற்றைக் கண்டால் எடுத்துவைக்கும் வழக்கம் அவருக்கு. வெட்டி ஒட்டிய மூலைக்கட்டையில் இழை குறுக்கே அறுபடும். வளைந்து வளர்ந்த கிளையில் இழையே விசையின் வழியில் ஓடும். எல்லாக் கட்டுகளையும் அறுத்து மெழுகேற்றிய பாலியஸ்டர் நூலில் மறுபடி கட்டினோம். பக்கப்பலகைக்கு நேராக இன்னொரு குறுக்குச்சட்டம் வந்தது. கூடிய எடை 3 கிலோவுக்குள்.

பிறகு அதே கயிற்றால் அதே அளவு இழுத்தோம். சுருக்கம் விழவில்லை.

பாயைச் சுருக்கிக் கட்ட ஒரு வரிசைக் கயிறும் தைத்தோம். அதற்குப் பின் கச்சானில் சட்டம் அசையவில்லை. ஆனால் எதிர்க்காற்றில் சிற்றலைக்குள் திசை மாற்றும்போது படகு பாதி வழியில் நின்றுவிடுவது தொடர்ந்தது. எடை இல்லாததன் விளைவு இது. எந்தக் கட்டும் இதைத் தீர்க்காது. இரண்டு கேன்களில் கடல்நீர் நிரப்பித் தளத்தில் கட்டியதும் ஓரளவு தேறியது. கல்லைவிட நீர் நல்லது: கவிழ்ந்தால் அது படகைக் கீழே இழுக்காது, கரையேறும்போது கொட்டிவிடலாம். அப்போதும் திருப்பத்தில் துடுப்பால் ஒரு தள்ளு தேவைப்பட்டது. அமைதியான நீரில் எதிர்க்காற்றில் முன்னேறுகிறது. அலையில் நின்ற இடத்திலேயே போராடுகிறது. அது இந்தப் படகின் எல்லை.

கரையின் தேய்மானம்

துணி பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது என்று தெரிந்தது, ஓர் இடத்தைத் தவிர. ஏராவின் பின்முனை மணலில் இழுபடும் இடத்தில் பூச்சு போய் இழை தெரிந்தது. ஏராவின் கீழே, துணிக்கு வெளியே, ஒரு மரப்பட்டையைப் பசை வைத்துத் திருகிய பிறகு தேய்வது பட்டைதான். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு முறை சிப்பி ஓடு கீறி இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்தது. அன்று பிசின் நாடாவை ஒட்டித் திரும்பினார்கள். மறுநாள் கழுவிக் காயவைத்து, அதே துணியில் ஒட்டுப்போட்டு அதே பூச்சைப் பூசினார்கள். இன்றும் பிடித்துநிற்கிறது.

வெளிக்கீறலைவிட மோசமானது உள்ளே தங்கும் மணல். நீளச்சட்டத்துக்கும் துணிக்கும் இடையில் புகுந்து, படகு அசையும்போதெல்லாம் உள்ளிருந்தே அரைக்கிறது. நல்ல நீரில் அலசிவிட வேண்டும் என்று எழுதுவது எளிது. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் ஊர் அது. படகைக் கழுவ நல்ல நீர் கொடு என்று எந்த வீட்டுப் பெண்ணிடமும் கேட்க முடியாது. கரையேற்றும் முன் கடலிலேயே படகைச் சாய்த்து அலசுவது, உடனே கவிழ்த்து வைப்பது, ஏறும் முன் காலை நீரில் உதறுவது என்று பழக்கிக்கொண்டார்கள். மணல் குறைந்தது; முற்றும் தீரவில்லை.

வேலை முடிந்ததும் படகு பனையோலைக் கொட்டகை நிழலுக்குப் போய்விடுகிறது. நீரிலேயே கிடப்பதில்லை என்பதால் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பி பிடிப்பதில்லை.

இப்போதைய நிலை

மாமா இதைத் தண்டுப் படகாகவே கருதுகிறார். பாயைத் துணைக்கு வைத்திருக்கிறார். காற்று சாதகமாக இருந்தால் ஏற்றுகிறார், எதிர்த்தால் இறக்கிவிட்டு வலிக்கிறார். அவர் ஓட்டும் முறையைப் பார்த்தால் அந்த முடிவு சரியென்றே எனக்கும் படுகிறது. மருமகனுக்கு அதில் திருப்தியில்லை. எதிர்க்காற்றில் ஏறாத படகைப் பாய்ப்படகு என்று சொல்லக்கூடாது என்கிறார். வலையோடு போவது பற்றி இன்னும் முடிவு இல்லை. நனைந்த வலையின் கனத்தை ஒரு பக்கமிருந்து இழுக்கும்போது 1.25 மீட்டர் அகலம் போதுமா என்பதைக் கரையருகே மணல் மூட்டைகளை வைத்து முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த படகில் மாறுவன

இரண்டாவது சட்டத்துக்கு வரைபடம் ஆயிற்று. மரத்தடிப் பலகை, பக்கப்பலகைச் சட்டம், மூலைக்கிளைகள் மூன்றும் பழுதுபார்ப்பாக அல்லாமல் தொடக்கத்திலிருந்தே வங்கு வரிசையோடு சேர்த்து வரையப்பட்டுள்ளன. விசை விழும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வங்கு நிற்கும்படி வங்குகளின் இடைவெளியே மாறியிருக்கிறது. நீளம் 5.4 மீட்டர் ஆகிறது. எடை கூடும், அது வேண்டும் என்றே கூட்டியது. இரண்டு பேர் தூக்கும் அளவைத் தாண்டாமல் எவ்வளவு கூட்டலாம் என்பதில்தான் கணக்கு நிற்கிறது. விளிம்புக்கு வெளியே நீளும் குறுக்குப்பலகை ஒன்றுக்கும் இடம் விட்டிருக்கிறோம். முன்பு பாக் விரிகுடாப் பாய்ப்படகுகளில் ஆள்கள் அப்படிப்பட்ட பலகையில் ஏறி உட்கார்ந்து காற்றைச் சமாளித்தார்கள். மாமாவின் தகப்பனாரும் அப்படி ஓட்டியவர். இருவர் போகும் நாளில் அது உதவலாம்.

துணியில் ஒரு சோதனை பாக்கி: நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் இரண்டாவது அடுக்கு ஒட்டினால் எடைக்கு ஏற்ற ஆயுள் கிடைக்கிறதா என்பது. வங்குகளை வரும் வாடையில் வெட்டுவது, பூச்சு வேலையைத் தைக்குப் பின் தொடங்குவது என்று ஓடாவியார் நாள் குறித்திருக்கிறார். பாலியஸ்டர் நூல் இப்போதே வாங்கியாயிற்று.